பாகக் கலைஞர் கரேம்

‘சமைத்தல்’ என்னும் தமிழ்ச்சொல் பொருட்செறிவு மிக்கது. சிற்பி கல்லிற் சிலை சமைக்கிறான். தச்சன் மரத்தில் தேர் சமைக்கிறான். அடுக்களையில் இருப்போர் உணவு சமைக்கின்றனர். ஒரு பொருளைப் பக்குவப்படுத்தி, அதனினும் சிறந்த பிறிதொரு பொருளாக ஆக்குதலே இம்மூன்றிலும் நிகழ்வது. ஆதலின் நம் முன்னோர் இவற்றிற்கெல்லாம் ஒரே சொல்லை வழங்கினர். எனினும், சிற்பிக்குக் கிடைக்கும் புகழ் சமையல் வல்லாருக்குக் கிடைத்தல் அரிது. சிலை ஆயிரம் ஆண்டு நிற்கும். உணவோ ஒரு நாழிகையில் மறையும். உண்டவர் சுவையை மறப்பர். ஆக்கியவர் பெயரையும் மறப்பர்.

நளனும் வீமனும் சமையற்கலையில் வல்லவர்கள் என்பதை நாம் அறிவோம். நாடிழந்த காலத்தில், அரச குலத்தில் தோன்றிய அவ்விருவரும் அடுக்களையிற் புகுந்து தம்மை மறைத்துக்கொண்டனர். அவர்கள் அரண்மனையிலிருந்து அடுக்களைக்கு வந்தவர்கள். தெருவிலிருந்து அடுக்களைக்கு வந்து, அடுக்களையிலிருந்து அரண்மனைகளுக்குச் சென்றவர் ஒருவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் மாரி அந்துவான் கரேம். அவர் மறைந்து இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. எனினும், அவர் வகுத்த முறைகள் உலகின் பல நாட்டு அடுக்களைகளில் இன்றும் வழங்குகின்றன.

தெருவில் விடப்பட்ட சிறுவன்

கரேம் பாரிஸ் நகரில் ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். அவர் பிறந்தது 1783ஆம் ஆண்டு என்று சிலரும், 1784ஆம் ஆண்டு என்று சிலரும் கூறுவர். தந்தையார் கட்டட வேலை செய்யும் கூலியாள். பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. அந்நாளில் பிரான்சு நாட்டில் உணவுப் பஞ்சம் ஏழை மக்களை வாட்டியது. 1789இல் பெரும்புரட்சி மூண்டது. 1793இல் அந்நாட்டு அரசர் பதினாறாம் லூயி கொலைத்தண்டனைக்கு ஆளானார். குழப்பமும் அச்சமும் நிறைந்திருந்த அந்நாளில், தம் மக்கள் அனைவர்க்கும் உணவளிக்க இயலாத அத்தந்தையார் மனம் கல்லாகிப் போயிற்று. ஒரு நாள் மாலை தம் மகனை வெளியே அழைத்துச் சென்று, கையிலிருந்த காசுக்கு உணவு வாங்கிக் கொடுத்து, இனி நீயே உன் வழியைத் தேடிக்கொள் என்ற கருத்துப்படச் சொல்லி, தெருவில் விட்டுச் சென்றார் என்பர். அப்போது சிறுவனுக்கு ஏறத்தாழப் 10 வயது.

பத்து வயதுச் சிறுவன் ஒருவன், கலகம் நிறைந்த ஒரு மாநகரில், இருள் சூழ்ந்த வேளையில், தனியே நிற்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு எழுத்தறிவு இல்லை, கையிற் பொருளில்லை, தெரிந்தவர் ஒருவருமில்லை. ஏழைகள் வந்து உண்ணும் சிறிய உணவு விடுதி ஒன்றின் கதவை அவன் தட்டினான். விடுதிக்காரர் இரக்கமுள்ளவர். அவனை உள்ளே அழைத்து, உணவும் படுக்க இடமும் தந்தார். கைம்மாறாக அவன் அடுக்களை வேலைகளைச் செய்தான். பாத்திரம் துலக்குதல், விறகு சுமத்தல், காய் நறுக்குதல், அடுப்பு மூட்டுதல் ஆகியவையே அவனுடைய முதற் பாடங்கள். சம்பளம் இல்லை, உணவே சம்பளம். சில ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. தெருவில் அழிந்துபோக வேண்டிய ஒருயிரை அந்த அடுக்களை காத்தது.

கடையிற் கற்றதும் நூலகத்திற் கற்றதும்

1798ஆம் ஆண்டளவில் கரேம் சில்வேன் பாயி என்பவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பாயி பாரிஸ் நகரில் பெயர் பெற்ற பணியாரக் கடைக்காரர். அவருடைய கடை விவியேன் என்னும் தெருவில் இருந்தது. செல்வரும் அமைச்சரும் அக்கடையின் பண்டங்களை விரும்பி வாங்கினர். மாவு பிசைவதிலும், பாகு பதம் பார்ப்பதிலும், அடுப்பின் வெம்மையை அளந்தறிவதிலும் இளைஞர் கரேம் விரைவில் தேர்ச்சியடைந்தார்.

அக்கடைக்கு அண்மையில் பிரான்சு நாட்டின் பெருநூலகம் இருந்தது. கரேம் முயன்று எழுத்தறிவு பெற்றார். ஓய்வு கிடைக்கும் பிற்பகல்களில் நூலகத்திற்குச் சென்று அங்கிருந்த ஓவியங்களையும் கட்டடப் படங்களையும் கூர்ந்து நோக்கினார். விக்நோலா, பல்லாடியோ முதலிய இத்தாலியக் கட்டடக்கலை அறிஞரின் நூல்களைப் பயின்றார். கிரேக்கக் கோயில்கள், உரோமாபுரியின் வளைவுகள், எகிப்தின் தூண்கள், சீனத்தின் மண்டபங்கள் ஆகியவற்றின் அளவுகளைக் குறித்துக்கொண்டு வரைந்து பழகினார். பாயி இதற்குத் தடை செய்யவில்லை. மாறாக, தம்மிடம் வேலை பயிலும் இளைஞருக்கு நேரம் ஒதுக்கி ஊக்கமும் அளித்தார். தம் மாணவர் தம்மினும் உயர்தலைக் கண்டு மகிழும் ஆசிரியர் போற்றத்தக்கவர் அல்லரோ?

நூலகத்திற் கண்டவற்றைக் கரேம் கடையிற் படைத்தார். சர்க்கரைப் பாகு, வாதுமைப் பசை, மாவு ஆகியவற்றைக் கொண்டு சிறு சிறு கோயில்கள், பாழடைந்த கோட்டைகள், கோபுரங்கள், அருவிகள் முதலியவற்றை அமைத்தார். பல அடி உயரமுள்ள அவ்வுருவங்கள் விருந்து மேசைகளின் நடுவில் வைக்கப்பட்டன. கடையின் சாளரத்தில் அவற்றை வைத்தபோது, தெருவிற் செல்வோர் நின்று பார்த்து வியந்தனர். தந்தையார் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து பிறர் வீடுகளைக் கட்டினார். மகனார் சர்க்கரையால் மாளிகை எழுப்பினார். நுண்கலைகளுள் கட்டடக்கலையும் ஒன்று என்றும், அதன் தலையாய கிளை பணியாரக்கலையே என்றும் கரேம் கருதி வந்தார். இதில் அவருடைய தற்பெருமை சிறிது கலந்திருக்கலாம். ஆயினும் தொழிலின்மீது அவர் கொண்ட மதிப்பும் இதனால் விளங்கும்.

ஓராண்டுத் தேர்வு

பாயியின் கடைக்கு வாடிக்கையாக வந்தவருள் தாலிரான் என்பவர் ஒருவர். அவர் நெப்போலியனிடம் அயல்நாட்டு அமைச்சராக விளங்கியவர், சூழ்ச்சித்திறம் மிக்கவர். பகைவரை நண்பராக்குவதற்கும், நண்பரின் உள்ளக்கிடக்கையை அறிவதற்கும் நல்ல விருந்தைப் போன்ற கருவி வேறில்லை என்பது அவருடைய கொள்கை. நெப்போலியனுக்கோ உணவில் நாட்டம் குறைவு. விரைந்து உண்டு எழுந்துவிடுவார். ஆதலின், அயல்நாட்டுத் தூதுவரை உபசரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் தாலிரானைச் சேர்ந்தது. 1803இல் அவர் வலான்சே என்னும் பெரிய மாளிகையை வாங்கினார்.

தாலிரான் கரேமின் திறமையைச் சோதிக்க விரும்பினார். ஓராண்டு முழுவதற்கும் உணவுப் பட்டியல் அமைக்க வேண்டும். ஒருமுறை வந்த உணவு மறுமுறை வரலாகாது. அந்தந்தப் பருவத்தில் விளையும் பொருள்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அவர் விதித்தார் என்பர். பொருள் மிகுதியாக இருந்தால் எவரும் பல்வகை உணவு ஆக்கலாம். இத்தேர்வு பொருளைச் சோதிப்பதன்று; அறிவைச் சோதிப்பது. எத்திங்களில் எக்காய் காய்க்கும், எம்மீன் கிடைக்கும், எப்பழம் பழுக்கும் என்பவற்றையெல்லாம் அறிந்தவரே இதில் வெற்றி பெற முடியும். கரேம் வெற்றி பெற்றார். பணியாரக் கடையில் இனிப்பு வகைகளை மட்டும் கற்றிருந்த அவர், அதன்பின் கார வகைகளையும் புளிப்பு வகைகளையும் புலால் உணவுகளையும் ஆக்கும் முறைகளைப் பெரிய சமையல் வல்லாரிடம் பணிவோடு கற்றார். இதனிடையே ரூ த லா பே என்னும் தெருவில் தமக்கெனக் கடை ஒன்றையும் நிறுவினார். 1813 வரையில் அது நடைபெற்றது. 1810இல் நெப்போலியனுக்கும் ஆஸ்திரிய இளவரசி மாரி லூயிசுக்கும் திருமணம் நடந்தபோது, விருந்துப் பணிகளில் கரேமின் கைவண்ணமும் இடம்பெற்றது.

குளிர்ந்த இனிப்பு

கரேமின் புகழுக்குக் காரணமானவற்றுள் பனிக்கட்டியிற் குளிரவைத்து உறையச் செய்யும் இனிப்புகள் சிறப்பானவை. அவற்றுள் ஒன்று பவேரியப் பாலேடு எனப்படுவது. இதனைச் சாக்லேட் சேர்த்தும் செய்வர். அக்காலத்தில் இதனைச் செய்தல் எத்துணை அரிது என்பதை அறிந்தால், அவருடைய திறமை நமக்கு நன்கு புலப்படும்.

முதலிற் சாக்லேட்டைக் காண்போம். இது கொக்கோ என்னும் மரத்தின் விதையிலிருந்து பெறப்படுவது. அம்மரம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநாடுகளுக்கு உரியது. ஸ்பெயின் நாட்டார் அதனை ஐரோப்பாவிற்குக் கொண்டு வந்தனர். பழத்தினின்று எடுத்த விதைகளைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி, வெம்மையூட்டிய கல்லின்மேல் இட்டு அரைத்தால், அவற்றிலுள்ள கொழுப்பு இளகிக் கரிய குழம்பாகும். அதனுடன் சர்க்கரை சேர்த்துக் கட்டியாக்குவர். கரேமின் காலத்துச் சாக்லேட் முழுவதும் கறுப்புச் சாக்லேட்டே. பால் கலந்த சாக்லேட்டைச் சுவிட்சர்லாந்து நாட்டு டேனியல் பீட்டர் 1875இல்தான் உருவாக்கினார். சாக்லேட்டை நெடுநேரம் உருட்டிக் குழைத்து வழுவழுப்பாக்கும் பொறியை ருடால்ப் லிண்ட் என்பவர் 1879இல்தான் கண்டார். ஆதலின், அந்நாளைச் சாக்லேட் கசப்பு மிக்கது. நாவிற் சிறிது நறநறக்கும் தன்மையது. மக்கள் பெரும்பாலும் அதனைக் கரைத்துக் குடித்தனரேயன்றி மென்று உண்டிலர்.

அடுத்துப் பனிக்கட்டி. இன்று பொறியின் உதவியால் எந்நாளிலும் நாம் பனிக்கட்டி பெறுகிறோம். கரேமின் நாளில் அத்தகைய பொறி இல்லை. குளிர்காலத்தில் ஏரிகளும் குளங்களும் உறையும். உறைந்த நீரை அறுத்தெடுத்து, நிலத்தின் கீழ் ஆழமாகத் தோண்டிய பனிக்கிடங்குகளில் அடுக்கி, வைக்கோலால் மூடி வைப்பர். வைக்கோல் வெப்பத்தை எளிதில் உட்புக விடாது. எனவே, தை மாதத்தில் வைத்த பனிக்கட்டியில் ஒரு பகுதி ஆடி மாதம் வரையிலும் கரையாது நிற்கும். பிற்காலத்தில் அமெரிக்க ஏரிகளின் பனிக்கட்டி கப்பலேறி நம் நாட்டிற்கும் வந்தது. சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம் அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைப்பதற்கென 1842இல் எழுப்பப்பட்டதேயாகும்.

இனி, செய்முறையைக் காண்போம். சாக்லேட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி, வெதுவெதுப்பான பாலிற் சர்க்கரையுடன் இட்டுக் கரைக்க வேண்டும். நேரே கடுந்தீயில் வைத்தால் சாக்லேட் தீய்ந்துவிடும். ஆதலின், மெல்லிய வெம்மையே போதும். குழம்பு உறைவதற்காக ஸ்டர்ஜன் என்னும் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த தூய பசையைக் கரைத்துச் சேர்ப்பர். அதனை வடிகட்டி, பனிக்கட்டியின்மேல் வைத்து, கைவிடாது துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிலையில் அது மெல்லக் கெட்டியாகத் தொடங்கும். அந்நேரத்தில், நுரைக்க அடித்த பாலேட்டை அதனுடன் மெதுவாகக் கலக்க வேண்டும்.

இந்த இடத்திலேதான் சமையல் வல்லாரின் அறிவு வெளிப்படும். குழம்பு சூடாயிருக்கும்போதே கலந்தால், பாலேட்டின் நுரை அடங்கி நீர்த்துப்போகும். மிகுதியாகக் குளிர்ந்தபின் கலந்தால், குழம்பு கட்டி கட்டியாக உறைந்து பாலேட்டுடன் இசையாது. இரண்டிற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களே உரிய பதம். அந்நாளில் அடுக்களையில் வெப்பமானி வைத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. கண்ணும் கையுமே அளவுகோல். பதம் தவறினால், அத்துணைப் பொருளும் உழைப்பும் வீணாகும். பதமறிந்து கலந்த குழம்பை அச்சுப் பாத்திரத்தில் வார்த்து, அதனைச் சுற்றிலும் பனிக்கட்டியை நிரப்பி உறைய விடுவர். பின்னர் அச்சினை ஒரு கணம் வெந்நீரில் தோய்த்தெடுத்துத் தட்டின்மேற் கவிழ்த்தால், அச்சிலுள்ள கோலங்களெல்லாம் பதிந்த இனிப்பு அசையாமல் வந்து அமரும்.

சார்லோத் என்னும் இனிப்பும் இவ்வகையைச் சார்ந்ததே. அச்சின் உட்புறத்தில் விரல் போன்ற மெல்லிய ரொட்டிகளைச் சுவர் எழுப்புவது போல வரிசையாக நிறுத்தி, நடுவிற் பாலேட்டுக் குழம்பை நிரப்பி உறையச் செய்வது இது. முதலில் இதற்குப் பாரிஸ் நகரின் பெயரையே கரேம் இட்டார். பிற்காலத்தில் ருஷியச் சார்லோத் என்னும் பெயரே நிலைத்தது. இதிலும் அவருடைய கட்டடக்கலை அறிவு விளங்குதலைக் காணலாம்.

உணவின்மேல் அணியாக வைப்பவற்றிலும் அவர் ஒரு முறைமை கண்டார். கண்ணைக் கவர்வதற்காக எதன்மேல் எதனையும் வைக்கும் வழக்கத்தை அவர் விலக்கினார். மீனுக்கு மீன் வகையும், இறைச்சிக்கு இறைச்சி வகையும் அணியாதல் வேண்டும். அணி என்பது சுவைக்குத் துணை நிற்க வேண்டுமேயன்றி, அதனோடு மாறுபடலாகாது என்பது அவர் கோட்பாடு. சாக்லேட் போன்ற இனிப்பின்மேல் வறுத்த வாதுமையோ, பசிய பிஸ்தாவோ, சர்க்கரையில் ஊறிய பழமோ வைப்பது இதனாலேயே பொருந்தும். கசப்பும் இனிப்பும் கலந்த மென்மைக்கு வறுத்த பருப்பின் மொறுமொறுப்பு எதிர்நின்று அழகு செய்கிறது. இக்காலத்திற் சிலர் கறுப்புச் சாக்லேட்டின்மேல் உப்பிட்ட பருப்பினையோ சில உப்புக் கற்களையோ தூவி உண்பதும் உண்டு. உப்புக்குக் கசப்பை அடக்கும் ஆற்றல் இருத்தலால், இனிப்பு மேலும் தோன்றுகிறது. அணி துணையாதல் வேண்டும் என்னும் கோட்பாட்டிற்கு இதுவும் ஒரு சான்றே.

அரசர் பலர் அழைத்தல்

1814இல் நெப்போலியன் தோல்வியுற்றார். வெற்றி பெற்ற அரசர்கள் பாரிஸ் நகரிற் புகுந்தனர். ருஷியப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டர் தாலிரானின் மாளிகையிலேயே தங்கினார். கரேம் ஆக்கிய உணவைச் சுவைத்து வியந்தார். பகைநாட்டு மன்னரும் அடுக்களைக் கலைஞரைப் போற்றும் காலம் வந்தது.

1816இல் இங்கிலாந்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த இளவரசர் கரேமை வரவழைத்தார். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர் இவரே. பிரைட்டன் நகரிலுள்ள அவருடைய மாளிகையில், 1817 ஜனவரியில் ருஷிய இளவரசர் நிக்கலசுக்கு அளிக்கப்பட்ட விருந்தில் நூற்றுக்கு மேற்பட்ட உணவு வகைகள் இடம்பெற்றன. எனினும், அந்நாட்டின் மூடுபனியும் மங்கிய வானமும் கரேமிற்கு ஒத்துவரவில்லை. நீண்டநாள் தங்காது அவர் தாயகம் திரும்பினார். 1819இல் ருஷியத் தலைநகரமான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிற்குச் சென்றார். அங்கும் நீண்டநாள் தங்கவில்லை. ஆயினும், அந்நகரின் அழகு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை அணிசெய்வதற்குரிய கட்டடங்களின் படங்களை வரைந்து, 1821இல் நூலாக்கிப் பேரரசர் அலெக்சாண்டருக்குக் காணிக்கையாக்கினார். சர்க்கரையில் மாளிகை எழுப்பியவர் உள்ளத்திற் கல்லில் மாளிகை எழுப்பும் ஆசையும் கனன்றுகொண்டிருந்தது போலும்! பின்னர் வியன்னாவில் ஆங்கிலத் தூதுவரிடமும், இறுதியாகப் பாரிஸ் நகரிற் பெருஞ்செல்வரான ஜேம்ஸ் ராத்சைல்டிடமும் பணியாற்றினார்.

சமையற்காரர் அணியும் உயர்ந்த வெள்ளைத் தொப்பி பரவியதற்கும் கரேமே காரணம் என்பர். வெள்ளை தூய்மையின் அறிகுறி. அழுக்கு உடனே புலப்படுமாதலின், வெள்ளை அணிந்தவர் தூய்மையாக இருந்தே தீரவேண்டும். ஏவலராக எண்ணப்பட்ட சமையற்காரர், மதிப்புடைய ஒரு தொழிலுக்கு உரியவர் என்பதை அத்தொப்பி உலகிற்கு உணர்த்தியது.

நூல்கள்

அக்காலத்திற் சமையல் வல்லார் பலர் தம் முறைகளை மறைத்து வைத்தனர். தாம் அறிந்ததைப் பிறர் அறிந்தால், தம் பிழைப்புக்கு இடையூறு நேரும் என அஞ்சினர். கரேம் அவ்வாறு அஞ்சவில்லை. பகல் முழுவதும் அடுப்பங்கரையில் உழைத்தபின், அன்றன்று செய்தவற்றையும் கண்டவற்றையும் இரவிற் குறித்து வைத்தார். அக்குறிப்புகளே பின்னர் நூல்களாயின. 1815இல் பணியாரக்கலை பற்றிய இரு நூல்களும், 1822இல் விருந்தமைப்புப் பற்றிய நூலும், 1828இல் பாரிஸ் நகரச் சமையல் பற்றிய நூலும் வெளிவந்தன. அவற்றிலுள்ள படங்கள் பலவற்றையும் அவரே வரைந்தார். எண்ணற்றுக் கிடந்த குழம்பு வகைகளை ஆராய்ந்து, அவற்றிற்கெல்லாம் தாயாக நிற்பவை நான்கே என வகுத்துக் காட்டினார். சிதறிக் கிடந்த சொற்களுக்கு இலக்கணம் கண்ட புலவரைப் போல, சிதறிக் கிடந்த பாகக்கலைக்கு அவர் இலக்கணம் கண்டார்.

அவருடைய பெருநூல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சமையற்கலை பற்றியது. ஐந்து தொகுதிகள் கொண்ட அந்நூலின் முதல் மூன்று தொகுதிகளே அவரால் எழுதப்பட்டன. எஞ்சிய இரண்டையும் அவர் மறைந்தபின் ப்ளூமெரே என்பவர் எழுதி நிறைவு செய்தார். பேரரசர்களுக்கு விருந்து சமைத்த அவர், அப்பெருநூலைத் தொடங்கியது எவ்வுணவைக் கொண்டு என்பதை அறிந்தால் வியப்புறுவோம். சர்க்கரை மாளிகையைக் கொண்டு அவர் தொடங்கவில்லை. பிரான்சு நாட்டின் எளிய குடும்பங்களில் இறைச்சியையும் காய்களையும் ஒரே பானையிலிட்டு, மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்து ஆக்கும் எளிய சாற்றினைக் கொண்டே தொடங்கினார். தாம் புறப்பட்டு வந்த இடத்தை அவர் மறந்திலர்.

இறுதி

கரேமின் வாழ்வு முழுவதும் இனிப்பாக இருந்ததில்லை. அந்நாளில் பெரிய மாளிகைகளின் அடுக்களைகள் பெரும்பாலும் நிலத்தின் கீழ் இருந்தன. காற்றோட்டம் குறைவு. அடுப்புகளில் மரக்கரி எரியும். உணவு ஆறிவிடலாகாது என்று, பரிமாறும் நேரத்திற் சாளரங்களையும் அடைத்துவிடுவர். கரிப்புகையில் நச்சுக்காற்று கலந்திருக்கும். அதனைச் சுவாசித்தவாறு அவர் பல ஆண்டுகள் உழைத்தார். அந்தக் கரியே தம்மைப் போன்றோரின் உயிரை உறிஞ்சுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். அதனை எழுதியும் வைத்தார். ஆயினும், தொழிலைக் கைவிட மனம் வரவில்லை. உடல் நலிந்து, 1829ஆம் ஆண்டளவிற் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பொருளுதவி செய்ய முன்வந்தோர் இருந்தும், எஞ்சிய நாளை நூல் எழுதுவதிலேயே கழித்தார்.

அவருடைய கடைசி நாளைப் பற்றி ஒரு செய்தி கூறுவர். நோயுற்றுப் படுத்திருந்த அவரைக் காண மாணவர் ஒருவர் மீன் உருண்டை சமைத்து எடுத்து வந்தாராம். கரேம் அதனைச் சுவைத்துப் பார்த்து, உருண்டை நன்றாயிருக்கிறது. ஆனால், சுவைப்பொருள்களைச் சேர்ப்பதில் அவசரம் காட்டிவிட்டாய் என்ற கருத்துப்படச் சொல்லி, வாணலியை எவ்வாறு அசைக்க வேண்டும் என்பதை நடுங்கும் கையால் அசைத்துக் காட்டினாராம். சில நாழிகைக்குள் அவர் உயிர் பிரிந்தது. 1833 ஜனவரி 12ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு 50 வயதும் நிறையவில்லை. பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

கரேம் சமைத்த விருந்துகளை உண்டவர் மன்னரும் செல்வருமே. பாரிஸ் நகரின் தெருக்களில் அவரைப் போலவே கைவிடப்பட்ட சிறுவர்கள் அந்தச் சர்க்கரை மாளிகைகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருப்பர், சுவைத்திருக்க மாட்டார்கள். இக்குறை அவருடையது மட்டுமன்று, அக்காலத்தினுடையது. சர்க்கரையும் சாக்லேட்டும் பனிக்கட்டியும் செல்வரின் உடைமைகளாயிருந்த காலம் அது. ஆயின், அவர் தம் அறிவை மன்னருக்கு மட்டும் வைத்துப் போகவில்லை; நூலாக எழுதி எல்லார்க்கும் வைத்துப் போனார். அரசர்களின் விருந்துகள் அன்றே முடிந்துபோயின. நூல்கள் நிலைத்து நின்றன. அன்று அரண்மனையில் மட்டும் கிடைத்த குளிர்ந்த சாக்லேட் இனிப்பினை இன்று சிறிய ஊர்க் கடையிலும் காண்கிறோம்.

எத்தொழிலும் இழிவானதன்று. செய்வாரின் அறிவும் உழைப்பும் தூய்மையும் அதனை உயர்த்தும். எழுத்தறியாது தெருவில் நின்ற சிறுவன், கற்க வேண்டும் என்னும் ஒரே வேட்கையால் தன் தொழிலுக்கே ஆசிரியனாக உயர்ந்தான். பானையின் முன் நின்ற வேளையிலும் நூலை மறவாமையும், அரசரின் முன் நின்ற வேளையிலும் பானையை மறவாமையுமே கரேமின் வாழ்வு நமக்குக் காட்டும் நெறியாகும்.